முப்பத்தேழு பேரின் படிவங்கள்

இந்தியக் கல்வியின் தலைவிதியை மாற்றி எழுதவே பிறந்தது, டெல்லி மயூர் விஹாரின் 'கூடில்லா வானம்' மாற்றுமுறை உயர்நிலைப் பள்ளி. மாற்றி எழுத மொத்தம் முப்பத்தேழு மாணவர்கள் இருந்தார்கள். மழை பெய்தால் பத்தொன்பது.

அன்றும் மழை. சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நின்றவனைக் கண்டதும், சேர்க்கையைக் கவனிக்கும் முத்துமாரி அவசரமாகப் படிவத்தை நீட்டினாள்.

"பையனா, பொண்ணா? எந்த கிளாஸ்?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க..."

இமையில் மழைத்துளி... அதன் கீழே சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள். நீட்டிய கையை மடக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அவன் மதியழகன். பள்ளிக்கு நிதி தரும் அறக்கட்டளையின் ஆள். மாணவர்கள் எந்த ஊர், வீட்டில் என்ன மொழி என்று கணக்கெடுக்க வந்தவன். 'பதினோரு மொழிகள் சங்கமிக்கும் வளாகம்' என்றது பள்ளியின் விளம்பரத்தாள். இந்தி ஒன்று, மிச்சம் பத்தும் சேலத்துத் தமிழ், கடலூர்த் தமிழ் என்று பிரின்சிபால் அழகர்சாமி மாவட்டவாரியாகப் பிரித்தவை.

படிவங்கள் எல்லாம், பெற்றோர் சொல்லச் சொல்ல முத்துமாரி தமிழில் நிரப்பியவை. சந்தேகம் வந்தால் அவளைத்தான் கேட்கவேண்டும். அவனோ தினமும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு தமிழ் டீச்சர் செல்வியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். ஒரே காகிதத்தின்மேல் இரண்டு தலைகள்... நடுவில் சிரிப்பு வேறு.

எழுதினவ இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன்... அங்க என்ன குனிஞ்சு குனிஞ்சு ஆராய்ச்சி? அவள் கையிலிருந்த ஸ்டேப்ளர் காரணமில்லாமல் காகிதங்களைக் கடித்தது.

நான்காம் நாள் பொறுக்கமுடியாமல், கடைசிப் படிவத்துக்குள் ஒரு சீட்டைச் சொருகினாள்: 'உங்க கண்ணுக்கு செல்வி மட்டும்தான் தெரியுமா? நானும் இங்கேதான் இருக்கேன்.'

மாலையில் அவள் மேசைமுன் வந்து நின்றான். காது சிவந்திருந்தது.

"நாலு நாளா அவங்ககிட்ட அப்படி என்ன பேச்சு?" என்றாள், நிமிராமலே.

"பேச்சு இல்லைங்க... நான் ஆர்.கே.புரத்துல பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவேன்... படிக்க வராது. செல்வி மேடம்தான் வாசிச்சு சொல்றாங்க."

"என்னைக் கேட்டா ஆகாதா?"

"ஊர்ல யாருக்கு வேணா தெரியட்டும்... உங்களுக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு நெனச்சேன்." குரல் இறங்கியது. "மனசுக்குப் பிடிச்சவங்க முன்னாடி தற்குறியா நிக்க முடியலைங்க."

வெளியே மழை வலுத்தது... அவள் நிமிர்ந்தாள்.

"அச்சா. அப்போ நாளையிலேர்ந்து நான் சொல்லித்தரேன். லேட்டா வந்தா வெளியே நிக்கணும்."

அவன் தலையாட்டினான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அந்தச் சீட்டு...?"

படிவத்தோடு சேர்ந்தது என்று நினைத்து, செல்வி அதை மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆசிரியர்கள் அத்தனை பேர் முன்னாலும் சத்தமாக வாசித்திருந்தாள். அழகர்சாமி இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.