சாகாத தோல்

வெள்ளிக்கிழமை காலையில் தேவாவுக்கு நகம் வெட்டிவிடுவது பொன்செல்வியின் வேலை. குற்றாலம் மெயின் அருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழில் அவனுக்கு. நகம் கொஞ்சம் வளர்ந்தாலும் குளிக்க வருகிறவர்களின் முதுகைக் கீறிவிடும். ஆனி மாதம், சீசன் தொடங்கிய மூன்றாவது வாரம், இடது கையை முடித்துவிட்டு வலது கையைப் பிடித்தவள் நகவெட்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெட்ட ஒன்றுமில்லை. போன வெள்ளிக்கிழமை சுண்டுவிரலில் கை தவறி விழுந்த கோணல் வெட்டுகூட அப்படியே இருந்தது.

"நீங்களே வெட்டிட்டீங்களா?"

"எனக்கு எங்கட்டி நேரம் இருக்கு?"

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. மூன்று நாளாகக் காயாத துணிகளின் புளித்த வாடையும், அவன் உடம்பில் ஊறிய நல்லெண்ணெய் வாடையும், ராப்பகலாகச் சுவருக்குள் இரைந்துகொண்டிருக்கும் அருவிச் சத்தமுமாக வீடு எப்போதும்போலத்தான் இருந்தது. அவன் கை மட்டும் எப்போதும்போல இல்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் அது எல்லோர் கண்ணிலும் பட்டது. உள்ளங்கைக் கொப்புளம் ஆறவும் இல்லை, பழுக்கவும் இல்லை. புறங்கைத் தோல் நனைந்த காகிதம்போல மெலிந்து, பழுப்புப் புள்ளி விழுந்து, கிள்ளினால் கிள்ளிய மேனிக்கு நின்றது. மணிக்கட்டில் வளையல் போட்டதுபோல ஒரு கோடு. கோட்டுக்கு மேலே முப்பத்தாறு வயது. கீழே எண்பது.

"ஒத்தக் கைக்கு மட்டும் தாத்தா ஆயிட்டியாலே?" என்று கூடத் தொழில் செய்யும் மாடன் கேட்டான். தேவாவும் சேர்ந்து சிரித்தான். அன்று சாயங்காலம் பொன்செல்வியிடம் மட்டும் சொன்னான்.

"சீசன் ஆரம்பத்துல ஒரு ஆளு வந்தாம்ட்டி. மூஞ்சி கல்லூரிப் பையன் மூஞ்சி. சட்டையக் கழத்துனா, முதுகு பூரா கெழட்டுத் தோலு. நல்லா அழுத்தித் தேயிங்கண்ணாச்சின்னான். தேச்சேன்."

தென்காசியில் டாக்டர் அஃப்ரின் தோலில் துளி வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"நம்ம உடம்புல செல்லு வயசானா பெருகுறத நிறுத்திரும். அப்புறம் உடம்பே அதை அப்புறப்படுத்தணும். சிலது போகாது. சாகாம அங்கனயே உக்காந்து, எதையாவது கக்கிட்டே இருக்கும். அதுல பக்கத்துல உள்ள நல்ல செல்லும் அதுமாதிரியே ஆயிரும். முட்டுத் தேய்மானம், ஆறாத புண்ணு, பல சீக்குல இதுக்குப் பங்கு உண்டு. வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும். உங்க கையில இதைத் தவிர வேற ஒண்ணுமே இல்ல."

"சாகலேன்னா நல்லதுதான, டாக்டரம்மா?" என்றான் தேவா.

டாக்டர் சிரிக்கவில்லை. "சாக வேண்டியது சாகணும்ணே."

தொற்றுமா என்று பொன்செல்வி கேட்டாள். படித்தவரைக்கும் தொற்றாது என்றார். எழுந்தபோது, குரலைத் தாழ்த்தி, "வீட்ல பிள்ளை இருக்கா? தொட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

பிள்ளை இருந்தாள். வள்ளி, ஏழு வயது.

தேவா தொழிலுக்குப் போவதை நிறுத்தினான். பொன்செல்வி அவனைப் பின்னறையில் வைத்தாள். வள்ளி அந்த வாசலைத் தாண்டக் கூடாது. கோடு ஏறும் இடத்தைப் பேனாவால் குறித்துவைத்தாள். மறுநாள் காலையில் பேனாக்கோடு கிழட்டுத் தோலுக்குள் கிடந்தது. முழங்கை. புஜம். ஆடி அமாவாசைக்குத் தோள். பிறகு கழுத்து, வலக் கன்னம். அவனுக்கு விரல் எலும்பெல்லாம் குடைந்தது. ஊருக்கெல்லாம் தேய்த்த கைக்குத் தேய்த்துவிட வீட்டில் அவள்தான் உண்டு. கல்யாணமான நாள்முதல் தினமும் சாயங்காலம் செய்வது. இப்போதும் விரல் விரலாக நீவிவிட்டாள். வளர்ந்த பொம்பளை தனக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தாள். பிள்ளையைக் காப்பாற்றினால் போதும்.

ஒரு மத்தியானம் வள்ளி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். தேவா இடது கையை நீட்டிவிட்டான். நல்ல கை அது.

"அவளத் தொட்டீங்கன்னா வெட்டிருவேன்!" என்று பொன்செல்வி கத்தினாள். தெருநாயை விரட்டுகிற குரல். நீண்ட கை அந்தரத்தில் நின்று, மெல்ல மடங்கியது. அவன் பாதி முகம் மட்டும் அழுதது. மறுபாதி சுருக்கத்தில் கண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

அதன்பிறகு அவன் யாரையும் கூப்பிடவில்லை. ஆவணி நாலாம் தேதி மூச்சு நின்றது. குளிப்பாட்டியபோது இடப்பக்கம் குளிர்ந்துகிடந்தது. வலப்பக்கம் வெதுவெதுவென்று இருந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் வள்ளியைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். இத்தனை நாளும் இருட்டுக் குளியலறையில் அவசரமாக ஊற்றிவிட்டவள், வெயில் அடிக்கிறதே என்று அன்றைக்கு முற்றத்தில் வெந்நீர் வைத்தாள். சாரல் ஓய்ந்திருந்தது. சுவரெல்லாம் வெளிச்சம்.

முதுகில் சோப்புப் போட்டாள்.

கை வழுக்கவில்லை. தோல் மடிந்தது.

தண்ணீர் ஊற்றி நுரையைக் கழுவினாள். பிள்ளையின் முதுகில் ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரல், ஒரு உள்ளங்கை. அந்த இடம் மட்டும் மெலிந்து, பழுப்பேறி, சுருங்கி.

தொட்டுவிட்டான். பாவி, எனக்குத் தெரியாமல் தொட்டுவிட்டுத்தான் செத்திருக்கிறான். அவன் கை எவ்வளவு அகலம் என்று அவளுக்குத் தெரியாதா? அளந்து பார்க்கிறவள்போல அந்தத் தடத்துக்கு மேலே, படாமல், தன் கையை விரித்துப் பிடித்தாள்.

சரியாக இருந்தது.

விரலுக்கு விரல். அவள் அளவு.

கையைத் திருப்பிப் பார்த்தாள். துணி துவைத்துத் துவைத்து ஊறிப்போன சுருக்கம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். துடைத்தாள். போகவில்லை. மறு கை. அதுவும்.

வள்ளியின் பிடரியில் ஒரு தடம். புஜத்தில் ஒன்று. இடுப்பில் இரண்டு, பிடித்துத் தூக்கிய இடத்தில். தலைவாரும்போது முகத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தாடைக்கு அடியில், ஒரு கட்டைவிரல்.

பொன்செல்வி பின்னால் நகர்ந்தாள். முதுகில் சுவர் இடித்தது.

"எம்மா, குளிருது."

"அங்கனயே நில்லு."

"குளிருதும்மா."

"வராத, வள்ளி. வராத."

பிள்ளை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, ஈரக் காலோடு, அவளைக் கட்டிக்கொள்ள வந்தாள்.