எழுபத்தொரு சதவீதத் தள்ளுபடி

"போய் நின்னதும் வேற எதையாச்சும் நினைச்சுக்குங்க. தண்ணி லாரி வர்ற நேரம், கரண்ட் பில்லு, இந்த மாதிரி."

"எதுக்கு நினைக்கணும்? அது உன்னோட லேப்டாப்பு. எனக்கென்ன வந்துச்சு?"

"அதுதானுங்க வேணும். அப்படியே போயிட்டு வாங்க." தாமரை தோசையைத் திருப்பிப் போட்டாள். "அப்புறம் இன்னொண்ணு…"

"என்ன?"

"இல்லைங்க. வாங்கிட்டு வந்ததுக்கப்புறம் சொல்றேன். இப்பச் சொன்னா விலை ஏறிக்கும்."

அன்றைக்கு இருவருமே சிரித்தார்கள். இப்போது நான்கு நாள் கழித்து, கிராஸ்கட் சாலைக் கணினிக் கடையில் அன்றைக்கு வாங்கிய லேப்டாப் பெட்டியைப் பிரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்ற சிபி, அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். 'எனக்கென்ன வந்துச்சு' என்ற இடம் வரும்போதெல்லாம் அவன் காது மடல்கள் சுட்டன.

ஒரு பொருளுக்கு எல்லோருக்கும் ஒரே விலை என்ற வழக்கம் ஒழிந்து பதினாறு வருஷம் ஆகிவிட்டது. இப்போது கடைக்குக் கடை விழைமானிதான். கண்ணாடித் தட்டில் உள்ளங்கையை வைத்துப் பொருளைப் பார்க்க வேண்டும். நாடித்துடிப்பு, வியர்வை, கண்மணியின் விரிவு மூன்றையும் படித்து, இந்த ஆளுக்கு இந்தப் பொருள் எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று அது கணக்குப் போட்டுவிடும். விருப்பம் கூடினால் உச்ச விலை. குறையக் குறையத் தள்ளுபடி.

தள்ளுபடி தேடுவது ஊருக்கே ஒரு வித்தையாகிப் போனது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இனிப்பு வாங்கப் போனார்கள். தலைவலி வந்த நாளாகப் பார்த்துத் தொலைக்காட்சி வாங்கினார்கள். தெருவுக்குத் தெரு பற்றறுப்பு வகுப்புகள் முளைத்தன. அந்த வகுப்பின் கட்டணத்தையும் விழைமானிதான் சொன்னது என்பதால், சேர ஆசைப்பட்டவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. முற்றும் துறந்த ஒரு சாமியார் நான்கு கார்களைக் கிட்டத்தட்ட இலவசமாக ஓட்டிக்கொண்டு போனதும் நடந்தது.

அக்கம்பக்கத்து ஆளை அனுப்பி வாங்கக் கூடாது, ஒரே குடும்ப அட்டையில் இருப்பவர் வாங்கலாம் என்று சட்டம் வந்தது. அதன்பிறகு எந்த வீட்டிலும், பொருள் யாருக்கு வேண்டுமோ அவர் கடைக்குப் போவதில்லை. இன்னொருவர் போனார். போகிறவரிடம் பொருளின் பெயரைச் சொல்லலாம். ஏன் வேண்டும் என்பதை மட்டும் சொல்லக் கூடாது. காரணம் தெரிந்துவிட்டால் அவர் கையும் சூடாகிவிடும் அல்லவா? கல்யாணமான முதல் வாரமே சிபியும் தாமரையும் இதைப் பேசி வைத்துக்கொண்டார்கள். பதினோரு வருஷமாகக் கட்டுப்பாடாகக் காப்பாற்றியும் வந்தார்கள்.

தாமரை செயற்கைப் பற்களை வடிவமைப்பவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அளவுகளைக் கணினியில் வைத்து, ஒவ்வொரு வாய்க்கும் பொருந்தும்படி இழைத்துக் கொடுப்பாள். அவளுடைய பழைய மடிக்கணினி அரை மணி நேரத்தில் கொதித்துவிடும். அதனால் டிபன் பாக்ஸில் ஐஸ்கட்டியை நிரப்பி, அதன் மேல் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, தட்டின்மேல் மடிக்கணினியை வைத்து வேலை செய்தாள். குறிஞ்சி பதினாறு என்ற உயர்ரக மடிக்கணினிக்காக ஏழு மாதத்தில் ஆறு முறை தானே கடைக்குப் போய் விலை பார்த்தாள். முதல் தடவை மூன்று லட்சத்து நாற்பதாயிரம் காட்டியது. ஜுரத்தோடு போனாள், பட்டினியோடு போனாள், கண்ணைப் பாதி மூடிக்கொண்டும் போனாள். ஆறாவது தடவை மூன்று லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம். உச்ச விலையே நான்கு லட்சம்தான். கையிலிருந்ததோ ஒன்றரை லட்சம்.

சிபி போனான். தட்டில் கை வைத்தான். தண்ணி லாரியை நினைக்க வேண்டிய அவசியம்கூட வரவில்லை. ஒரு லட்சத்துப் பதினாறாயிரம்! எழுபத்தொரு சதவீதத் தள்ளுபடி. அந்தக் கடையில் அதுவரை யாருக்கும் கிடைக்காதது. விற்பனைப் பெண் நிலோஃபர் மணி அடித்தாள். அவனைப் பெட்டியோடு நிற்கவைத்துப் படம் எடுத்து, 'இந்த மாதத்தின் குளிர்ந்த கை' என்ற தலைப்பில் சுவரில் மாட்டினார்கள். குடியிருப்புக் குழுவில் நாற்பது பேர் வாழ்த்தினார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவன் சீட்டியடித்துக்கொண்டுதான் போனான்.

தாமரை பெட்டியை வாங்கிக்கொண்டாள். விலைச்சீட்டைப் படித்தாள். 'விழைவு: நூற்றுக்கு ஏழு' என்று அச்சாகியிருந்த வரியில் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"ரொம்ப நல்லதுங்க," என்றாள். பிறகு, "எதிர்வீட்டு மார்ட்டின் அண்ணனுக்குக் குக்கர் என்ன விலை வந்துச்சு, ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"மறக்க முடியுமா அந்த ஏமாளியை! அவரு சம்சாரம் லூர்து அக்காவே போயிருந்தா ஆறாயிரத்து இருநூறு. இவரு போனதுக்கு ஒன்பதாயிரத்து நானூறு. அதையும் வாயை மூடிக்கிட்டுக் கட்டிட்டு வந்தாரு!"

"ஆமாங்க," என்றாள் தாமரை. பெட்டியைக் கொண்டுபோய் பீரோவின் மேல் வைத்தாள். தோசைக்கல்லுக்கு முன்னால் நிறுத்திய பேச்சைச் சொல்வாளென்று அவன் காத்திருந்தான். அவளோ டிபன் பாக்ஸை எடுத்து ஐஸ்கட்டி நிரப்பப் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. மார்ட்டினுக்குக் குக்கர் மேல் என்ன ஆசை? அடுப்படிப் பக்கமே போகாத மனிதர். வாதம் வந்த கையோடு லூர்து அக்கா பழைய குக்கரின் மூடியோடு மல்லுக்கட்டுவதை நினைத்துக்கொண்டு நின்றிருப்பார். விழைமானி அதைத்தான் படித்திருக்கிறது. அந்தக் குக்கர் சீட்டை லூர்து அக்கா ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்ததும், 'ஏமாந்ததைப் போய் யாராச்சும் ஒட்டி வைப்பாங்களா?' என்று தான் கேலி செய்ததும் நினைவுக்கு வந்தன. நூற்றுக்கு ஏழு. வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்க்க முடியாமல் சிபி தலையைக் குனிந்துகொண்டான். மூன்று நாள் பெட்டி பீரோ மேலேயே இருந்தது. தாமரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அதனால்தான் இப்போது இங்கே நிற்கிறான்.

"ரிட்டர்னா?" நிலோஃபர் நம்பாமல் கேட்டாள். "சார், ஒரு தடவை ரத்து பண்ணிட்டா அந்த விலை போச்சு. மறுபடி கை வெச்சு என்ன வருதோ அதான். யோசிச்சுக்குங்க."

"யோசிச்சுட்டேன். ரத்து பண்ணும்மா. நான் இன்னொரு தடவை கை வெக்கணும். விலை கொஞ்சம் கூட வரணும்."

"கூடவா?"

அவள் தலைக்கு மேல் சுவரில் அவனுடைய படம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. "அதையும் கழட்டிடேன்," என்றான் தணிந்த குரலில்.

"ஒண்ணாந்தேதிதான் சார் மாத்துவோம்."

ரத்து ஆனது. பணம் அவன் கணக்குக்குத் திரும்பியது. சிபி கையை வேட்டியில் துடைத்துவிட்டுத் தட்டில் வைத்தான். மார்பு படபடத்தது, முகம் சிவந்தது. இந்தத் தடவை இரண்டு லட்சமாவது தாண்டும், மீதிக்குக் கடன் சொல்லியாவது வாங்கிப் போய் அந்தச் சீட்டை அவளிடம் நீட்டிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். திரையில் எழுத்துகள் நின்றன. ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம்.

"ஆறாயிரம்தான் ஏறியிருக்கு. போட்றட்டுங்களா?"

"இல்லையே… என் நெஞ்சு எப்படி அடிக்குது பாரு! மெஷின் சரியாப் படிக்குதா?"

"அது வெட்கம் சார்," என்றாள் நிலோஃபர். வயதில் சின்னவள், சிரிக்காமல்தான் சொன்னாள். "விலை கேட்டுட்டுக் காசில்லாம திரும்பறவங்க எத்தனை பேரு நிக்கறாங்க இங்க. வெட்கம் வேற, விருப்பம் வேற. அதுக்கு நல்லாத் தெரியும்."

கையை எடுக்கவும் தோன்றாமல் அவன் நின்றான். விருப்பப்பட வேண்டும் என்றுதான் வந்தான். எதை விரும்புவது? இந்தப் பெட்டி வந்தால் அவள் என்ன செய்வாள் என்பதே அவனுக்குத் தெரியாது. விலை ஏறக் கூடாது என்பதற்காக அவள் சொல்லவில்லை. அதே காரணத்தைச் சாக்காக வைத்து அவனும் பதினோரு வருஷம் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது எவ்வளவு சௌகரியமாக இருந்தது!

"என் சம்சாரம் இங்க ஆறு தடவை வந்துச்சு," என்றான். "ஏதாச்சும் சொல்லுச்சா, எதுக்கு வாங்குதுன்னு?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா? அக்கா ஒவ்வொரு தடவையும் என்கிட்ட அதைத்தானே பேசுவாங்க. வீட்டுல பேச முடியாது, உன்கிட்டயாச்சும் சொல்றேன்னுவாங்க." நிலோஃபர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒரு பஸ் டிரைவர் இருக்காராம். புத்துநோய் வந்து கீழ்த்தாடையில பாதியை எடுத்துட்டாங்களாம். அக்கா செய்யற பல்லு அவருக்கு ஆகாது, தாடையே செய்யணும். அந்தத் தாடைப் படத்தைத் திறந்தாலே அவங்க பழைய லேப்டாப் நின்னுபோகுது. ஐஸ்கட்டி மாத்தி மாத்தித் திறந்து பாத்திருக்காங்க, பதினேழு தடவை."

திரையில் எண் அசைந்தது. ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

"அந்த டிரைவரு வீட்டுல எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதுக்கப்புறம் சுவரைப் பாத்துத் திரும்பி உக்காந்துதான் கஞ்சி குடிக்கறாராம். 'அவரு இந்தப் பக்கம் திரும்பி உக்கார்றதை நான் பாக்கணும் நிலோ'ன்னு அக்கா சொல்லுவாங்க. சொல்லிட்டுக் கை வெப்பாங்க. எப்படி சார் விலை குறையும்? சொல்லாம வெய்ங்கக்கான்னு நானே சண்டை போட்டிருக்கேன்."

ஒன்று தொண்ணூறு. இரண்டு நாற்பது. சிபிக்கு ஐஸ்கட்டித் தட்டின் முன்னால் குனிந்திருக்கும் முதுகு தெரிந்தது. தினமும் பார்த்த முதுகுதான். "கரண்டு எவ்வளவு இழுக்குது இந்த ஃபிரிட்ஜு" என்று அந்த முதுகைப் பார்த்துத்தான் அவன் பேசியிருக்கிறான். மூன்று பத்து.

"சார், கையை எடுங்க! ஏறுது!"

அவன் எடுக்கவில்லை. மூன்று லட்சத்து அறுபதாயிரத்தில் அது நின்றது.

மாலை நான்கு மணிக்கு வெறுங்கையோடு வீட்டுப் படி ஏறினான் சிபி. தாமரை பீரோவின் மேலே பார்த்தாள், பிறகு அவன் கையைப் பார்த்தாள். அவன் விலைச்சீட்டை மட்டும் நீட்டினான். பணம் கட்டாத சீட்டு. மேலே 'விற்கவில்லை' என்று முத்திரை விழுந்திருந்தது.

"திருப்பிக் குடுத்துட்டேன் தாமரை. மறுபடி கை வெச்சேன். இனி எனக்கும் கட்டுப்படியாகாது. நிலோஃபர் எல்லாத்தையும் சொல்லிடுச்சு. அந்த டிரைவர்…"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து சீட்டை நிதானமாகப் படித்தாள். "ஒரு லட்சத்துச் சொச்சத்துக்குக் கையில இருந்ததை யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா? மார்ட்டின் அண்ணனை மிஞ்சின ஏமாளியா இருக்கறீங்ளே!" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இருந்தாலும் எனக்கு வந்ததுக்கு முப்பத்தஞ்சாயிரம் கம்மிதான்," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கும் அடைத்தது. "என்னைய நாலு திட்டாச்சும் திட்டியிருக்கலாமில்ல?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் திட்டறதுங்க?" அவள் தலை நிமிரவில்லை. சீட்டின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். "போன வருஷம் உங்க கண்ணாடி வாங்க நான்தானே போனேன். பாதி விலைக்குக் கிடைச்சுதுன்னு சொன்னேன். பொய்யிங்க. எழுபத்தாறு சதவீதம் தள்ளுபடி. படியிறங்கறதுக்குள்ள சீட்டைக் கிழிச்சுச் சாக்கடையில போட்டுட்டேன். கண்ணு தெரியாம நீங்க ரெண்டு மாசம் பேப்பரைத் தூரமாப் பிடிச்சுப் பிடிச்சுப் படிச்சதைப் பாத்தவதான் நானு. அப்பவும் எழுபத்தாறு."

சிபி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்க எதுவுமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். இந்தக் குடியிருப்பில் நாற்பது வீடு. எத்தனை சாக்கடையில் எத்தனை சீட்டோ என்று நினைத்தான்.

தாமரை எழுந்தாள். ஃபிரிட்ஜ் கதவிலிருந்த எரிவாயு ரசீதை எடுத்துவிட்டு, அந்தக் காந்தத்தின் கீழே மூன்று லட்சத்து அறுபதாயிரத்தை வைத்து அழுத்தினாள். உள்ளேயிருந்து ஐஸ்கட்டித் தட்டை எடுத்தாள். அவன் போய் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு இன்னொண்ணுன்னு சொல்லி நிறுத்துனியே," என்றான். "வாங்கிட்டு வந்ததுக்கப்புறம் சொல்றேன்னே. வாங்கிட்டு வரலைதான். சொல்லிடேன். இனி எதுவும் ஏற வேண்டியதில்லை."

கட்டிகள் ஒவ்வொன்றாகப் பெட்டியில் விழுந்தன. எந்தக் கடையிலும் வாங்க முடியாத ஒன்றைக் கேட்க அவளுக்குப் பழக்கமே இல்லை.

"சனிக்கிழமை அந்த டிரைவர் அண்ணன் நேர்ல அளவு குடுக்க வர்றாருங்க. முகத்தை மூடியிருக்கற துணியை எடுக்கும்போது எனக்குக் கை நடுங்கும். நீங்க வேலைக்கு லீவு போட்டுட்டு என் பக்கத்துல வந்து நிக்கணும்."