உடும்பு பிடியை விட்ட நாள்

மலை எழுந்து நடந்தது என்றால் நம்பிவிடலாம். கடல் வற்றிப்போய், திமிங்கலம் வாடகைக்கு வீடு தேடி அலைந்தது என்றாலும் நம்பலாம். ஆனால் ஓர் ஆராய்ச்சியாளன், அரங்கம் பிதுங்கும் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "என் கண்டுபிடிப்பு தப்பு" என்று சொல்லிவிட்டுப் புது மாப்பிள்ளை மாதிரி சிரித்தான் என்றால்? நம்ப மாட்டீர்கள். கூடப்பிறந்த அக்காவே நம்பவில்லை.

எல்லாம் ஒரு மழையில் ஆரம்பித்தது. மழையா அது... வானத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டு, மூட மறந்து, குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டார்கள். அந்த மழையில்தான் ஒரு தெர்மாகோல் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஆராய்ச்சிக் கட்டடத்துக்கு ஓடிவந்தாள் கடுகு. ஆள் சின்னது, காரம் பெரிது. அதனால் லேபில் வைத்த பெயர். புற்றுநோய்ச் செல்களுக்குக் கடிவாளம் போடும் புரதங்களை ஆராய்வது அவள் வேலை.

கண்ணாடிக் கதவை அவள் தள்ளிய நொடியில் உள்ளேயிருந்து ஒருவன் இழுத்தான். பெட்டி பறந்தது... ஐஸ் சிதறியது... விரல் நுனி அளவுக் குழாய்கள் தரையெல்லாம் உருண்டன.

"கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி கண்ணைத் திறக்கணும் சார்."

"கண்ணாடிக் கதவுதாங்க. நீங்களும் என்னைப் பார்த்திருக்கலாம்."

"பார்க்கற மாதிரி இருந்தா பார்த்திருப்பேன்."

சொன்ன பிறகுதான் பார்த்தாள். மண்டியிட்டுக் குழாய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். இமைகள் ஒட்டடைக்கோல் நீளம். அந்தக் கண்களில் தாராளமாகப் படகு விடலாம்... ஐயோ, பார்க்கிற மாதிரிதான் இருந்தான்.

"இதுல என்னங்க இருக்கு?"

"ஒரு புரதம். கட்டியை வளரவிடாம தடுக்கிற காவலன்னு ஒரு பெரிய மனுஷன் எழுதி வெச்சிருக்கார். நானும் செஞ்சு செஞ்சு பார்க்கறேன், காவலன் குறட்டை விட்டுத் தூங்கறான். எழுதினவர் மட்டும் கையில கிடைச்சார்னா..."

"கிடைச்சா?"

"நறுக்குன்னு நாலு கேள்வி கேட்பேன்."

அவன் கடைசிக் குழாயை ஐஸில் செருகினான். "கேளுங்க. நான்தான்."

கடுகு பெட்டியை வாரிக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் மாடிப்படியேறி ஓடினாள்.

அன்றுதான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஒரு வாரத்துக்குள் லேப் அவனுக்கும் பெயர் வைத்துவிட்டது. பிடித்ததை விடாத உடும்பு. எதிர்க் கட்டடத்து ஆஸ்பத்திரியில் புற்றுநோய் மருத்துவராக இருந்த அவனுடைய அக்கா, பெயரைக் கேட்டதும் கைதட்டினாள்.

"சரியா வெச்சீங்க. ஸ்கூல் படிக்கறப்ப தப்பான பஸ்ல ஏறிட்டான். தப்புன்னு ஒத்துக்க மனசு வரணுமே... கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வந்து, ஊரைச் சுத்திப் பார்த்தேன்னான்."

கடுகு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

இருவரும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் ஒரே சோதனையைச் செய்தார்கள். அவன் தட்டில் செல்கள் பெருகாமல் நின்றன. அவள் தட்டில் குதிரையாய் ஓடின.

"உங்க கை சரியில்ல" என்பான் அவன்.

"உங்க கண்ணு சரியில்ல" என்பாள் அவள். அது பச்சைப் பொய் என்று அவளுக்கே தெரியும்.

சண்டை போடுவதற்காகவே இருவரும் சீக்கிரம் வரத் தொடங்கினார்கள். அவன் இரண்டு கோப்பைக் காபி கொண்டுவருவான். ஒன்றை அவள் மேஜையில் சும்மா வைத்துவிட்டுப் போவான். ஒரு நாள் அவன் வரவில்லை. அன்று அவள் செல்களும் வளரவில்லை என்று லேபில் ஒரு பேச்சு...

பிறகு ஒரு மதியம் அவளுக்குப் பொறி தட்டியது. அவன் செல்லுக்குள் செலுத்தும் புரதத்தின் அளவு, அவள் செலுத்துவதைவிடப் பல மடங்கு. அப்படியானால், அதே அளவுக்கு வேறொரு புரதத்தைச் செலுத்தினால்? பச்சையாய் ஒளிர்வதைத் தவிர எந்த வேலையும் தெரியாத அப்பாவிப் புரதம் ஒன்று லேபில் இருந்தது. செலுத்தினாள்.

விளக்கை அணைத்த மைக்ரோஸ்கோப் அறை. இருவரும் தோளோடு தோள். கண்ணாடித் தட்டில் செல்கள் மின்மினிகளாய் மினுங்கின... ஒன்றுகூடப் பெருகவில்லை.

"சும்மா இருக்கிற புரதம்" என்றாள் மெல்ல. "இதுக்கும் செல் நின்னுடுச்சு. உங்க காவலன் தடுக்கலை சார். அளவுக்கு மீறித் திணிச்சதுல செல்லுக்கு மூச்சு முட்டுது. மூக்குமுட்டச் சாப்பிட்டவனை ஓடச் சொன்னா ஓடுவானா?"

பச்சை வெளிச்சம் அவன் கன்னத்தில் நடுங்கியது. எழுந்தான். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான்.

ஜெயித்துவிட்டோம் என்று அவள் மனம் குதிக்கவில்லை. குழியில் விழுந்த மாதிரி கிடந்தது.

அந்தக் காவலனை நம்பி மருந்து செய்வதா என்று முடிவெடுக்க வெள்ளிக்கிழமை பெரிய கூட்டம். அதில் அவள் உண்மையைச் சொன்னால், ஊர் முன்னால் அவன் மானம் போகும், அவனும் போய்விடுவான். சொல்லாவிட்டால்... எதிர்க் கட்டடத்தில் படுத்திருப்பவர்களுக்கு வேலைக்காகாத மருந்து போகும். அக்காவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"சொல்லித்தாம்மா ஆகணும்" என்றாள் அக்கா. "நாளைக்கு என் நோயாளிங்களுக்கு நான்தானே பதில் சொல்லணும். ஆனா அவன் தப்புன்னு ஒத்துக்குவான்னு மட்டும் கனவுகூடக் காணாதே. சூரியன் மேற்கால உதிச்சா ஒருவேளை..."

அவன் கண்ணில் படவே இல்லை. காபிக் கோப்பையும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை. அக்கா முன்வரிசையில். கடுகின் நெஞ்சு அடித்த அடியில் அரங்கத்து ஜன்னல்கள் அதிர்ந்தன. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தாள்... அதற்குள் பின்வரிசையிலிருந்து அவன் விறுவிறுவென்று மேடையேறிவிட்டான்.

"அவங்க பேசறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். இத்தனை நாளா தனியா உக்காந்து அவங்க சோதனையைத் திரும்பச் செஞ்சேன். அவங்க சொல்றதுதான் சரி. என் கண்டுபிடிப்பு தப்பு. இதை நம்பி யாருக்கும் மருந்து செய்யாதீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான்... அவளைப் பார்த்து.

கூட்டம் முடிந்ததும் தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு ஏன் பேசாம போனீங்க? கோபமா?"

"வெட்கம்."

"தோத்ததுக்கா?"

"இல்ல... என் பல வருஷ உழைப்பு கண்ணெதிர்ல போகுது. நான் என்னடான்னா, அந்தப் பச்சை வெளிச்சத்துல உங்க முகத்தையே பார்த்துட்டிருந்தேன். தட்டுல என்ன இருந்துச்சுன்னே தெரியல. அதான் மறுபடி செய்ய வேண்டியதாப் போச்சு."

அவள் தரையைப் பார்த்தாள். தரையும் சிவந்துவிட்டது.

"உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க" என்றான். "இதையும் சரிபார்க்கணும்னா..."

"ஒரு தடவை சொன்னா லேப்ல ஏத்துக்க மாட்டாங்க" என்றாள் கடுகு, காரமே இல்லாத குரலில். "தினமும் சொல்லணும்."

நாலடி தள்ளித் தூணுக்குப் பின்னால் அக்கா, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, முதல்ல உக்காரு... உன் புள்ள தப்புன்னு ஒத்துக்கிட்டான்... இல்லம்மா, காய்ச்சல் இல்ல, நல்லாத்தான் இருக்கான். ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்குன்னும் ஒத்துக்கிட்டான்... எனக்கும்தான் நம்ப முடியல. ஆனா என் கண்ணால பார்த்தேன். நிஜமா நடந்துச்சும்மா."