நாலாம் கூடாரம்

“நான்காம் கூடாரம்... தயாநிதி தம்பதி.”

எலேனா பட்டியலை ஜெர்மன் மொழியில் வாசித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு நிமிர்ந்தாள். சுவிஸ் நாட்டின் வில் நகரத்துக்கு வெளியே ஓர் ஈரப் புல்வெளி. சித்திரை மாதத் தூறல். மழையங்கிகளுக்குள் ஒடுங்கி நின்ற பன்னிரண்டு பேரில் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. ஒன்று சாருஜாவுடையது. மற்றது... புல்வெளியின் அடுத்த பக்கத்தில் நின்ற ஒரு நெடியவனுடையது.

சாருஜா திடுக்கிட்டாள். தம்பதியா...? யாருக்கு யார்...?

அவனும் உயர்த்திய கையை இறக்க மறந்து நின்றான். சற்றே சரிந்த மூக்குக்கண்ணாடி முழுக்க மழைத்துளி. அதற்குப் பின்னால் திகைத்து விரிந்த இரண்டு கண்கள். பெரிய கண்கள்தான்... அழகான கண்கள்தான்... என்று நினைக்கத் தொடங்கிய மனதை அவள் அந்த இடத்திலேயே அதட்டி உட்கார வைத்தாள். அவள் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். கிழமை முழுக்க மற்றவர்களின் கண்களைப் பார்ப்பதுதான் பிழைப்பு. சனிக்கிழமையிலும் அதே வேலையா?

அவன் கிட்ட வந்தான். தமிழிலேயே கேட்டான்.

“மன்னிக்கவேணும்... உங்கட அப்பாவின்ர பேர் தயாநிதியோ?”

“ஓம்.”

“என்ர அப்பாவின்ர பேரும் அதுதான்.”

“எந்தத் தயாநிதி?”

“மன்னார் தயாநிதி. இப்ப சூரிச்.”

“எங்கட அப்பா சாவகச்சேரி தயாநிதி. இப்ப இஞ்ச, வில்லில. அப்ப உங்களுக்கும் எனக்கும் இடையில ஒண்டும் இல்லை.”

“ஒண்டும் இல்லைதான்... ஆனால் ஒரு டென்ட் இருக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு முறைத்தாள்.

தகப்பன் பெயரைப் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் போடுவது நம்மவர் வழக்கம். சுவிஸ் நாட்டு அலுவலகங்கள் அதைக் குடும்பப் பெயர் என்று பதிந்துகொண்டன. ஒரே குடும்பப் பெயர், கிட்டத்தட்ட ஒரே வயது. எலேனா வேறு என்ன நினைப்பாள், பாவம். விஷயத்தை விளக்கியபோது அவளுடைய முகம் காது வரை சிவந்துவிட்டது.

“அப்படியானால் உங்கள் இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியவே தெரியாதா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஏதாவது வழி பார்க்கிறேன், இன்றைக்கு மட்டும் சேர்ந்து கட்டிப் பழகுங்கள் என்று கெஞ்சினாள்.

எலேனா நடத்துவது சின்னப் பயண நிறுவனம். ஆனியில் பத்து நாள் தான்சானியாக் காட்டுக்குள் கூட்டிப் போவாள். யானை, வரிக்குதிரை, சிங்கம் எல்லாம் உலாவுகிற சரணாலயங்களில் கூடாரம் அடித்துத் தங்குவது. அவரவர் கூடாரத்தை அவரவர்தான் கட்ட வேண்டும். அதற்காகப் புறப்படுமுன் நான்கு சனிக்கிழமை இந்தப் புல்வெளியில் பயிற்சி. அவளிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. கூடாரத்தின் ஜிப்பைத் திறக்குமுன் கூட இருப்பவரிடம் கேட்க வேண்டும். வெளியே எது நிற்கிறதென்று யாருக்குத் தெரியும்? கேட்காமல் ஒருவரும் திறக்கக் கூடாது.

அரைமணி நேரம் போராடியும் நாலாம் கூடாரம் ஒரு பக்கம் குந்திக்கொண்டுதான் நின்றது. அதற்குள் தூறல் பெருமழையாகிவிட்டது. எல்லோரும் கூடாரங்களுக்குள் ஓடினார்கள். இவர்களும் ஓடினார்கள். அவள் ஒரு மூலை, அவன் மறு மூலை, நடுவில் இரண்டு முதுகுப்பைகள்... மேலே சடசடவென்று மழை.

“நான் ஆரன். ட்ராம் ஓட்டுறன்,” என்றான் அவன். “ஒவ்வொரு நாளும் தண்டவாளம் போற பக்கம்தான் நானும் போகவேணும். தண்டவாளம் இல்லாமல் தன்ர பாட்டில நடந்து திரியிற ஒண்டையாவது பாக்கவேணும் போல இருந்திச்சு. ரெண்டு வருஷமா இந்த நினைப்புத்தான். உங்களுக்கு?”

“எனக்கு ஆனை பாக்கவேணும். வேற ஒண்டுமில்லை. படிப்பு, வேலை எல்லாம் வீட்டில கதைச்சுத்தான் முடிவானது. இது ஒண்டாவது நானே தெரிஞ்செடுத்ததா இருக்கட்டும் எண்டு...”

“வீட்டில என்ன சொன்னவை?”

சாருஜா மழையைப் பார்த்தாள். “பேர்ணில பத்து நாள் கோர்ஸ் எண்டு சொல்லியிருக்கிறன்.”

அவன் முகத்தில் மறுபடியும் அதே திகைப்பு. “ஆபிரிக்காவுக்குப் போறதை பேர்ண் எண்டோ? அம்மா அப்பாவுக்குப் பொய்யோ? எனக்கு ஒரு சின்னப் பொய்யும் வராது, தெரியுமோ.”

“அப்ப நல்ல பிள்ளைகள் எல்லாரும் வேற டென்டுக்குப் போங்கோ.”

அவள் விருட்டென்று ஜிப்பைப் பிடித்தாள். பிறகு நிறுத்தினாள். சட்டம் சட்டம்தானே...

“திறக்கட்டோ?” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள்.

“மழை பெய்யுது.”

“திறக்கட்டோ எண்டு கேட்டனான்.”

“திறவுங்கோ,” என்றான் அவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இரண்டாம் சனிக்கிழமை கோபம் அரைவாசிதான் மிஞ்சியிருந்தது. மூன்றாம் சனிக்கிழமை அவனுடைய கண்ணாடி சரிந்திருப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. “தாங்கோ இஞ்ச,” என்று வாங்கி, பையிலிருந்த சின்னத் திருப்புளியால் ஆணியை இறுக்கி, காம்பை மெல்ல வளைத்து, அவன் முகத்திலேயே மாட்டி, நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். தொழில்தானே... தினமும் இருபது பேருக்குச் செய்வதுதானே... பிறகு ஏன் கையை எடுக்க இவ்வளவு நேரம்? அவன் இமைக்காமல் இருந்தான். அவள்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினாள்.

நாலாம் சனிக்கிழமை கூடாரம் பத்து நிமிடத்தில் நேராக எழுந்து நின்றது. அன்றைக்குத்தான் எலேனா வந்து தலையில் இடியை இறக்கினாள். மற்ற ஐந்து கூடாரத்திலும் தம்பதிகள். ஒருவரும் பிரிந்து படுக்க மாட்டார்களாம். வாகனத்தில் ஏழாவது கூடாரத்துக்கு இடமில்லை. “ஒருவர் இந்த வருடம் விலகத்தான் வேண்டும். நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்,” என்றாள்.

இருவரும் கூடாரத்தை மடித்தார்கள். அன்றைக்கு மழைகூட இல்லை.

வியாழக்கிழமை மாலை வேலை முடிந்து வீடு திரும்பிய சாருஜா, கதவடியில் வீட்டாருடையதல்லாத இரண்டு சோடி சப்பாத்துகளைக் கண்டாள். ஆண்களுடையவை. ஒன்றில் புல்வெளிச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அந்தச் சேற்றை அவளுக்குத் தெரியும்...

வரவேற்பறைச் சோபாவில் அப்பாவும், அப்பா வயதுள்ள இன்னொருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். எதிரே சாப்பாட்டு மேசைக் கதிரையில் ஆரன். அம்மா சிவமலர் கையில் ஒரு கடிதம். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“எப்ப எழுத்து எழுதினனீங்கள்?” என்று கேட்டாள் அம்மா.

எழுத்தா? பதிவுத் திருமணமா? சாருஜா ஆரனைப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். அம்மா போன வருடம் ஜெர்மன் மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தவள். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வருகிற எந்தக் கடிதமும் அவளிடமிருந்து தப்புவதில்லை. அகராதியை மடியில் வைத்து, வரிக்கு வரி உரத்து வாசித்துத்தான் விடுவாள். சாருஜா எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்பும்படிதான் சொல்லியிருந்தாள். எலேனாவின் அலுவலகத்தில் யாரோ திருத்தாத பழைய பட்டியலைப் பார்த்து, தம்பதிக்கு ஒரு கடிதம் என்று தாளில் அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். அன்புள்ள திரு, திருமதி தயாநிதி. தான்சானியா. இருவருக்கான கூடாரம். அடியில் ஆரனின் அவசரத் தொடர்புக்கு அவன் தகப்பனின் தொலைபேசி எண்.

“அப்பா அந்த நம்பருக்கு எடுத்து, ‘தயாநிதி கதைக்கிறன்’ எண்டார். அங்காலயும், ‘நானும் தயாநிதிதான், நீங்கள் ஆர்’ எண்டு கேக்குது. எனக்குத் தலை சுத்திப் போச்சு,” என்றாள் அம்மா.

“எழுத்தும் இல்லை ஒண்டும் இல்லை அம்மா. அது கொம்பனி விட்ட பிழை.”

“நானும் ஆரனும் அதைச் சொல்லத்தான் நேர வந்தனாங்கள்,” என்றார் மன்னார் தயாநிதி. “இது போனில கதைக்கிற விஷயமில்லை எண்டு இவன்தான் சொன்னவன்.”

சாவகச்சேரி தயாநிதி மனைவியின் கையிலிருந்த கடிதத்தை வாங்கினார். மகளிடம் திரும்பினார்.

“கலியாணம் இல்லை. அது விளங்கிட்டுது. பேர்ண் எங்க, ஆபிரிக்கா எங்க பிள்ளை?”

சாருஜா தலையைக் குனிந்தாள். “கேட்டால் விடமாட்டியள் எண்டு...”

“எப்ப கேட்டனீ?”

அவள் தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“என்ர பிள்ளைக்கு ஆனை பாக்க ஆசை. அதை எனக்குத் தபால்காரன் கொண்டந்து தாறான். நீ கேட்டு, நான் மாட்டன் எண்டு சொல்லியிருந்தால் என்னைக் கோவிக்கலாம். கேக்காமலே என்னை அப்பிடி ஒரு ஆளா நினைச்சிட்டாய்.”

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இத்தனை நாளும் தான் வீட்டுக்குப் பயந்ததாகத்தான் சாருஜா நினைத்திருந்தாள். அப்பாவைக் காயப்படுத்தியிருக்கிறேன் என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது. அவள் அழுதாள். அழுதுகொண்டே அவருடைய காலடியில் இருந்தாள்.

“அப்பா... நான் போகட்டோ?”

அப்பா கடிதத்தை மடித்தார். “சிங்கம் வருமோ?”

“சத்தம் மட்டும் கேக்குமாம்.”

“டென்டில ஆர் கூட?”

“அவ தனியத்தான், அங்கிள்,” என்றான் ஆரன். “நான் விலகிட்டன். இண்டைக்குக் காலமை எலேனாவுக்குச் சொல்லிட்டன்.”

சாருஜா அதிர்ந்துபோய்த் திரும்பினாள். அவனுடைய தகப்பன் அவளைவிட அதிர்ந்துபோனார்.

“என்னடா சொல்லுறாய்? ரெண்டு வருஷமா இதைத்தானே கதைச்சுக்கொண்டு திரிஞ்சனீ?”

ஆரன் எழுந்து, எல்லோருக்கும் பொதுவாகத் தலையசைத்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டான். தகப்பனும் அவன் பின்னால் எழுந்து போனார்.

“போயிட்டு வா,” என்றார் அப்பா மகளிடம். “ஒவ்வொரு நாளும் மெசேஜ் போடவேணும்.”

நெடுநாளாகக் கேட்க ஏங்கிய வார்த்தை. கேட்டும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கதவு சாத்துகிற சத்தம்தான் காதில் நின்றது. குடையைக்கூட எடுக்காமல் மழையில் ரயில் நிலையத்துக்கு ஓடினாள்.

சூரிச் ரயிலுக்கு இன்னும் ஏழு நிமிடம். மேடையில் அவளைக் கண்டதும் மன்னார் தயாநிதி, “தேத்தண்ணி ஒண்டு வாங்கிவாறன்,” என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டு நழுவிவிட்டார். விவரமான மனுசன்.

“ஆர் உங்களைக் கேட்டது?” மூச்சிரைத்தபடி நின்றாள் சாருஜா.

“ஒருத்தரும் கேக்கேல்லை.”

“அதுதான் பிழை. நான் அப்பாட்டக் கேக்காமல் முடிவெடுத்தன். அந்த மனுசன் எப்பிடி உடைஞ்சு போனார், பாத்தியள்தானே. நீங்களும் என்னட்டக் கேக்காமல்... கேக்காமல் திறக்கக்கூடாது எண்டு நாலு சனிக்கிழமை படிச்சனாங்கள்.”

“கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பியள்?”

“வேண்டாம் எண்டுதான்.”

“அதுக்குத்தான் கேக்கேல்லை.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “ஏன் விலகினனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்குத்தான் பொய் வராதே.”

ஆரன் கண்ணாடியைக் கழற்றினான். மழைத்துளியைத் துடைத்தான். துடைத்த கண்ணாடியையே மறுபடி மறுபடி துடைத்தான்.

“உங்களுக்கு இனி எப்ப லீவு கிடைக்குமோ தெரியாது. அது ஒரு காரணம்.” கண்ணாடியை மடித்தான். “மற்றது... மூண்டாவது சனிக்கிழமையோட எனக்கு ஆனையும் வேண்டாம், சிங்கமும் வேண்டாம் எண்டு போச்சு. சனிக்கிழமை வந்தால் காணும் எண்டிருந்திச்சு. உங்களைப் பிடிச்சிருக்கு, சாருஜா. இதையும் கேக்காமல்தான் சொல்லுறன்.”

அவள் நனைந்த கூந்தலை ஒதுக்கக்கூட மறந்து நின்றாள். அந்தப் புல்வெளியில் முதல் நாள் அவன் நின்ற மாதிரி... இதற்கு முன் எத்தனையோ கண்களை அளந்திருக்கிறாள். தன்னைப் பார்த்து இப்படிக் கலங்கிய கண்களை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். எனக்கும் உன்னைப் பிடித்திருக்கிறது என்று நெஞ்சு கத்தியது.

தூரத்தில் ரயிலின் வெளிச்சம் தெரிந்தது.

“நான் போறன்,” என்றாள் கடைசியில். “ஆனையெல்லாம் பாக்கப்போறன். ஒரு படமும் உங்களுக்கு அனுப்பமாட்டன்.”

அவன் முகம் விழுந்துவிட்டது. “ஏன்?”

“அடுத்த வருஷம் நீங்களே நேர பாக்கவேணும். என்னோட. அந்தக் கடிதம் திரும்பவும் எங்கட வீட்டுக்கு வரட்டும். அதே பேர்... அதே டென்ட்... அம்மா அகராதியை வைச்சு வாசிக்கட்டும். எனக்குப் பேர் மாத்துற அலுவலும் இல்லை.”

ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. ஆரன் ஏறவில்லை. அவனுக்கு அவள் சொன்னது புரிந்ததா, புரியவில்லையா என்றுகூடத் தெரியவில்லை. கையிலிருந்த கண்ணாடியைப் போடவும் மறந்து நின்றான். அவள்தான் வாங்கி, நனைந்த அவன் முகத்தில் மெல்ல மாட்டி, நேர் பார்த்தாள். இந்த முறை கண்ணைத் தாழ்த்தவில்லை.

“அப்ப... எலேனா திரும்பவும் தம்பதி எண்டு வாசிப்பா,” என்றான் அவன்.

“வாசிக்கட்டும்,” என்றாள் சாருஜா. “ரெண்டு பேரும் கையை உயர்த்துவம்.”