வாப்பாவின் சும்மாத் தோணி

நிந்தவூரில் தோணி வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் அதற்கொரு காரணம் இருந்தது. சிலர் மீன் பிடித்து விற்றார்கள். சிலர் அக்கரையிலிருந்து விறகு ஏற்றினார்கள். சும்மா இருப்பதற்கென்றே தோணி வாங்கப் புறப்பட்ட முதல் ஆள் ஸகியாவின் வாப்பா றவூப்தான்.

வாப்பா வயல்காரர். எண்பத்தோராம் ஆண்டு சிறுபோகம் நன்றாக விளைந்தது. அறுவடை முடிந்த நாளிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை. தோணாவில் ஒரு தோணி விட வேண்டும். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, சவள் என்னும் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு போக வேண்டும். கண்டல் மரங்களுக்கு நடுவே மெல்ல மெல்லச் சவள் போட வேண்டும். பிறகு தூண்டிலைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். மீன் கடித்தால் கறி, கடிக்காவிட்டால் காற்று. இதுதான் வாப்பாவின் கணக்கு.

தோணா என்பது ஊருக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து வளைந்து கிடக்கும் ஒடுங்கிய உப்பாறு. வயல்களில் பெய்யும் மழைத் தண்ணீரெல்லாம் அதில்தான் வந்து சேரும்.

"சும்மா இருக்கத்தானே வீட்டில நாலு கதிரை இரிக்கி?" என்று உம்மா கேட்டாள்.

கதிரை மிதக்காது என்றார் வாப்பா. உம்மா விடவில்லை. தோணி ஒன்றுதான், ஒரே ஒரு தடவைதான், அது பிழையாகிப் போனால் இந்த வீட்டில் இனி யாரும் தோணி என்று வாயே திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். உம்மா சொன்னால் சொன்னதுதான். ஊர்ப் பள்ளிவாசல் மணிக்கூடு பிந்தினாலும் பிந்தும், உம்மாவின் சொல் பிந்தாது.

இதைக் கேட்டு அதிகம் பயந்தது வாப்பா அல்ல, பத்து வயது ஸகியாதான். தோணியின் முன்பக்கத்து இருக்கை அவளுக்கு என்றும், ஒரு சின்னச் சவள் அவளுக்கென்றே செய்து தருவதாகவும் வாப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அவளும் சும்மா இருக்கவில்லை. வகுப்பில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள். தோணி பிழையாகிப் போனால் முன்னிருக்கையும் போகும், சவளும் போகும், மானமும் போகும்.

மார்கழி மாதம் இரண்டு தோணிகள் விலைக்கு வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாப்பா ஸகியாவையும் கூட்டிக்கொண்டு பாலத்தடிக்குப் போனார்.

முதல் தோணி, மரம் அறுத்து விற்கும் மரக்காலை வைத்திருந்த மீராசாவுடையது. அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நீளமாக, ஒல்லியாக, பச்சையும் சிவப்புமாக மின்னியது. அடிப்பக்கம் கூராகக் கீழே இறங்கியிருந்தது. 'கடற்குதிரை' என்று மஞ்சள் எழுத்தில் பெயர் வேறு. வாப்பா ஏறி நாலு தடவை சவள் போட்டதும் அது நூல் பிடித்தாற்போல ஓடியது. பாலத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் வாப்பா இன்னும் நாலு தடவை சவள் போட்டார்.

இரண்டாவது தோணி மீனவர் நல்லரெத்தினத்துடையது. பெரிய தோணி வாங்கிவிட்டதால் இந்தச் சின்னதை விற்க வந்திருந்தார். அது கட்டை, அகலம், அடி தட்டை. மேலெல்லாம் கறுப்புத் தார். தண்ணீரில் விட்ட சுளகு போல இருந்தது. வாப்பா எவ்வளவு சவள் போட்டாலும் அது அவசரப்படவே இல்லை.

நல்லரெத்தினம் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "வேகம் போகாது காக்கா. ஆனா கவுக்காது. முழங்கால் தண்ணியிலயும் போகும்" என்றார்.

"முழங்கால் தண்ணி இஞ்ச எங்க இரிக்கி?" என்று வாப்பா சிரித்தார். நீளக் கம்பு ஒன்றை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டார். கம்பு கைப்பிடி வரைக்கும் போயும் அடி தட்டுப்படவில்லை.

அதோடு முடிந்தது கதை. வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு வந்து பேசி முடிப்பதாக மீராசாவிடம் சொல்லிவிட்டு, வாப்பா சீட்டியடித்தபடி வீட்டுக்கு நடந்தார். ஸகியாவுக்கும் 'கடற்குதிரை'தான் பிடித்திருந்தது. அந்த மஞ்சள் எழுத்துக்குப் பக்கத்தில் தான் உட்கார்ந்திருப்பதை அவள் அன்றைக்கே பத்துத் தடவை நினைத்துப் பார்த்துவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் வாப்பா வயல் வட்டையைப் பார்க்கும் வட்டவிதானையோடு வீட்டுக்குச் சாப்பிட வந்தார். இருவரும் கல்முனையில் அதிகாரிகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். இருவர் முகத்திலும் வெற்றிக்களை.

விஷயம் இதுதான். தோணா கடலில் விழும் இடம் முகத்துவாரம். அங்கே அலை மணலைக் கொண்டுவந்து கொட்டி வாயை அடைத்துவிடும். அடைத்தால் மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் தோணா நிறையும், நிறைந்து வயலுக்குள் ஏறும். அப்போது வயல்காரர்கள் மனுக் கொடுத்து, மண்வெட்டியோடு போய் அந்த மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். மாரிக்கு மாரி நடக்கிற வேலை.

"சனிக்கிழமை முகத்துவாரம் வெட்டுறாங்க" என்று வாப்பா உம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். "ஒரே நாளில தண்ணியெல்லாம் கடலுக்குப் போயிரும். நம்மட வேளாண்மை தப்பிச்சிது!"

அல்ஹம்துலில்லாஹ் என்றாள் உம்மா. வட்டவிதானை இன்னொரு அகப்பை சோறு வாங்கிக்கொண்டார்.

ஸகியாவின் கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. ஒரே நாளில் தண்ணீரெல்லாம் போய்விடுமா? அப்படியானால் வாப்பா கம்பு விட்டுப் பார்த்த அந்த ஆழம்?

போன வருடம் முகத்துவாரம் வெட்டிய பிறகு, அவளும் சினேகிதி ஸுல்பிகாவும் பாலத்தடியில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மட்டி பொறுக்கியது ஞாபகம் வந்தது. அதே இடம்தான்! தண்ணீர் முழங்காலுக்குக்கூட வரவில்லை.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வட்டவிதானை பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவருக்கு முன்னால் வாப்பாவைப் பிழை பிடிப்பதா? ஸகியா சொல்ல வந்ததைச் சோற்றோடு விழுங்கிக்கொண்டாள். அதோடு, சொல்வதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்கவும் வேண்டியிருந்தது.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகும் வழியில் பாலத்தடியில் இறங்கினாள். 'கடற்குதிரை' மரத்தில் கட்டிக் கிடந்தது. ஒரு தடியை அதன் பக்கத்தில் விட்டு, தோணியின் அடி எவ்வளவு தூரம் தண்ணீருக்குள் இருக்கிறது என்று தடவிப் பார்த்து, அந்த அளவில் தடியில் ஒரு நூலைக் கட்டினாள். பக்கத்தில் கிடந்த நல்லரெத்தினத்தின் தோணியையும் அப்படியே அளந்து, இன்னொரு நூல் கட்டினாள். பள்ளிக்கூடத்தில் அந்தத் தடி எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம், அது தோணிக் கணக்கு என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானம் வாப்பா தனியாக இருக்கும் நேரம் பார்த்துத் தடியை அவர் முன்னால் நட்டு நிறுத்தினாள்.

"வாப்பா, மேல கட்டின நூல் கடற்குதிரை. கீழ கட்டினது நல்லரெத்தினம் மாமாட தோணி. ஆள் ஏறாமலே இவ்வளவு அமிழுது."

"சரி மகள். அதுக்கென்ன?"

ஸகியா தடிக்குப் பக்கத்தில் நின்று காலைக் காட்டினாள். மேல் நூல் அவளுடைய முழங்காலுக்கு மேலே இருந்தது. கீழ் நூல் கணுக்காலைக் கொஞ்சம் தாண்டி நின்றது.

"போன வருசம் முகத்துவாரம் வெட்டினதுக்குப் பொறகு தோணாத் தண்ணி எனக்கு இவ்வளவுதான்" என்று முழங்காலுக்குக் கீழே விரலை வைத்தாள். "நான் அதுக்குள்ள நின்டுதான் மட்டி பொறுக்கின."

வாப்பா நூலைப் பார்த்தார். அவள் விரலைப் பார்த்தார். பிறகு திரும்பவும் நூலைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஸகியாவுக்கே பாவமாகிவிட்டது.

"மனுவில முதல் கையெழுத்தே என்டதான்" என்றார் வாப்பா மெல்ல. "ஒரு கையால தண்ணியத் திறந்துவிடச் சொல்லிப்போட்டு, மறு கையால ஆழத் தோணி வாங்கப் பார்த்திருக்கேன்."

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என்ன சிரிப்பு என்று உம்மா குசினிக்குள்ளிருந்து கேட்டாள். ஒன்றுமில்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அஸருக்குப் பிறகு வாப்பா மீராசாவிடம் போய், தண்ணீர் வடிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தோணியையும் இன்னொரு தடவை விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். இது மகளுடைய யோசனை என்பதையும் மறைக்கவில்லை. மீராசாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மரக்காலைக்கு வந்தவர் போனவருக்கெல்லாம், றவூப் பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுத் தோணி வாங்கப் போகிறார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிவதற்குள் அது ஊரெல்லாம் பரவிவிட்டது.

ஸகியாவுக்குக் காது சூடேறியது. தான் அளந்தது பிழையாக இருந்தால்? தண்ணீர் வடியாவிட்டால்? சனிக்கிழமை முழுவதும் அவள் அந்தத் தடியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முகத்துவாரம் வெட்டப்பட்டது. தோணா இரவு பகலாக இரைந்துகொண்டு கடலுக்கு ஓடியது. ஞாயிற்றுக்கிழமை காலை பாலத்தடியில் கண்டல் வேர்களெல்லாம் வெளியே தெரிந்தன. பாலத்தின் மேல் கால் வைக்க இடமில்லை. பாதி ஊர் அங்கேதான் நின்றது.

மீராசா வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தன் தோணியைத் தானே விட்டுக் காட்டுவதாகச் சொல்லி ஏறினார். கரையோரத்துப் பள்ளத்தில் 'கடற்குதிரை' அழகாகத்தான் புறப்பட்டது. தோணாவின் நடுவுக்குப் போனதும் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான், குதிரை படுத்துவிட்டது. அவர் சவளால் தள்ளினார். கம்பால் ஊன்றினார். கடைசியில் இறங்கித் தள்ளப் பார்த்தார். சேறு அவரை முழங்கால் வரைக்கும் பிடித்துக்கொண்டது. பாலம் முழுக்கச் சிரித்தது.

வாப்பாவும் ஸகியாவும் நல்லரெத்தினத்தின் கறுப்புத் தோணியில் ஏறினார்கள். வாப்பா பிஸ்மில்லாஹ் சொல்லிச் சவள் போட்டார். தோணி அவசரப்படவில்லை. ஆனால் எங்கேயும் தட்டவும் இல்லை. சேற்றுக்கு மேலே தண்ணீர் ஒரு சாண் இருந்த இடத்திலும் வழுக்கிக்கொண்டு போனது. வாப்பாவுக்குப் பாலத்துக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்ட ஆசை.

"வாப்பா, முதல்ல மீராசா மாமாக்கிட்டப் போவம்" என்றாள் ஸகியா.

மீராசாவின் முகம் சிவந்திருந்தது. ஸகியா சிரிக்கவில்லை. பிடித்துக்கொள்ளக் கம்பை நீட்டினாள்.

"ஏறுங்க மாமா, இது கவுக்காது. ஒங்கட தோணி நல்ல தோணிதான். அது ஆழத் தண்ணிக்குச் செஞ்சது. இறக்காமம் குளத்துக்குக் கொண்டுபோனா ஓடும்."

மீராசா சேறும் தானுமாக ஏறி உட்கார்ந்தார். சாரத்தைப் பிழிந்துகொண்டார். பிறகு பாலத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சிரிச்சது போதும்! இனி இந்த ஊரில தோணி வாங்குறவன் முதல்ல றவூப்ட மகளிட்டக் கேட்டுப்போட்டு வாங்கட்டும்!"

வாப்பா கையிலிருந்த சவளை ஸகியாவிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் சாய்ந்து சும்மா உட்கார்ந்தார். ஸகியா முன்னிருக்கையில் நிமிர்ந்திருந்து சவள் போட்டாள். பாலத்தில் நின்ற சினேகிதிகள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளுக்குச் சந்தோசம் நெஞ்சு கொள்ளவில்லை.

கறுப்புத் தோணி அன்றைக்கே அவர்களுடையது ஆனது. மாதம் ஒன்று போவதற்குள் 'கடற்குதிரை'யும் இறக்காமத்தில் ஒருவருக்கு விலைபோனது. போகிற போக்கில் மீராசா ஸகியாவுக்குத் தன் மரக்காலையில் செய்த ஒரு சின்னச் சவளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் நாள் தூண்டிலில் இரண்டு கெளுத்திதான் விழுந்தன. உம்மா அவற்றை வாங்கிப் பார்த்து, இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டுக் குசினிக்குப் போனாள்.

ஆனால் அன்று பொழுது படும் நேரம் ஸகியா வேலிப் பக்கம் போனபோது, உம்மா பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மாவுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் தோணிக் கதையே கூடாது என்ற அதே உம்மாதான். தோணி எவ்வளவு அகலம், எவ்வளவு தண்ணீரில் போகும், நூல் எங்கே கட்டப்பட்டது என்று ஒன்று விடாமல் சொன்னாள். அடுப்பில் கெளுத்திக் கறி அடிப்பிடித்துக்கொண்டிருந்தது, உம்மாவுக்கு அது தெரியவே இல்லை.

"அவருக்கென்ன தெரியும்?" என்றாள் உம்மா. "என்ட மகள் தெரிஞ்செடுத்த தோணி அது."