ரத்தம் படாத உறை

"அண்ணா...!"

கண்ணாடிக் கூடத்தையே அதிர வைத்தது அந்த அலறல்!

செடித்தொட்டிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார் கீரை விஞ்ஞானி. பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தம் தோய்ந்த களைக்கொத்தி. விரல்களுக்கிடையில் கிழிந்த காகிதம்.

அலறியவள் அவருடைய தங்கை. அதே கூடத்தில் அண்ணனுக்குத் துணை விஞ்ஞானி.

இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார்.

"யார் மேல சந்தேகம்?"

தங்கை கை நீட்டினாள். "டைரக்டர் மேலதான் மேடம்! நேத்து ரெண்டு பேரும் கத்திக்கிட்டது தெருவுக்கே கேட்டுச்சு!"

கேட்ட நிதியையெல்லாம் வெட்டியே 'கத்திரி' என்று பெயர் வாங்கிய ஆராய்ச்சி நிலைய டைரக்டர் துள்ளினார்.

"நானா? எனக்குத் தெரிஞ்ச கீரை தட்டுல இருக்கறது மட்டும்தான்மா! இன்னிக்கு வரைக்கும் இதுக்குள்ள நான் கால் வச்சதே இல்ல!"

"அப்ப எதுக்குச் சண்ட?"

"அந்தச் செடிக்குத்தான்... ஒரு கம்பெனிக்குத் தரப் போறேன்னாரு. ஆபீஸ் சொத்தை எப்படிய்யா தரலாம்னு கேட்டேன்."

அவர் காட்டியது ஒற்றைத் தண்டுக்கீரைச் செடி. அதன் பூக்கதிரை மூடி ஒரு வெள்ளைக் காகித உறை.

"இதுல அப்படி என்ன இருக்கு?"

தங்கை பேசினாள். குரலில் கண்ணீரும் இருந்தது, கனலும் இருந்தது.

"விதைக்குள்ள கதிர்வீச்சு பாய்ச்சுவோம் மேடம். முக்காவாசி செத்துடும். மிச்சம் கோணலும் நொண்டியுமா முளைக்கும். அதோட விதைய மறுபடி விதைச்சா, எப்பவாவது ஒண்ணு புது குணத்தோட வரும். இது உப்பு மண்ணுல வளருது! இது ஒண்ணுதான் இருக்கு... விதை இன்னும் முத்தல."

உப்பேறிய மண்! உழுதவனை ஊரைவிட்டே துரத்திய மண்! அந்த மண்ணை எதிர்த்து எழுந்த ஒரே உயிர் இது. விதை முத்தினால் அணைந்த அடுப்புகள் எரியும். முத்தாவிட்டால்...?

இன்ஸ்பெக்டர் குனிந்தார்.

பக்கத்து இலைகளில் ரத்தம். அந்தச் செடியின் தண்டில் ரத்தம். தொட்டியில் ரத்தம். உறையில்...?

ஒரு பொட்டுக்கூட இல்லை!

"இந்த உறை எதுக்கு?"

டைரக்டர் விழித்தார். "குளிருக்கா...?"

"பக்கத்துச் செடியோட மகரந்தம் விழுந்தா குணம் கலந்துடும் சார்!" தங்கை சீறினாள்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"கான்ஸ்டபிள்! இந்தச் செடிதான் முக்கியமான தடயம். எடுத்துக்குங்க. நீ என்கூட வாம்மா."

அடுத்த அறை. கதவு மூடியது.

"உங்கண்ணன் கையில இருக்கறது பழைய உறை. கிழிச்சது அவரு. ரத்தம் தெறிச்சப்புறம் யாரோ புதுசு மாட்டியிருக்காங்க. கொன்னவன் ஓடுவான். திருட வந்தவன் செடியத் தூக்குவான். பொணத்துக்குப் பக்கத்துல நின்னு பூவுக்கு உறை மாட்டினது யாரும்மா?"

தங்கை தன் கைகளைப் பார்த்தாள்.

"கை... தானா போயிடுச்சு மேடம்."

"ஏன் கொன்னே?"

"விவசாயிங்களுக்குச் சும்மா கொடுத்துடலாம்னேன். கேக்கல. ஊரக் கூட்டிச் சொல்லிடுவேன்னேன். 'அப்ப யாருக்குமே வேணாம்'னு உறையக் கிழிச்சு, கதிர முறிக்கப் போனாரு. என் கையில களைக்கொத்தி இருந்துச்சு..."

அண்ணனைக் கொன்ற கை! ஊரின் பசிக்காகக் கொன்ற கை! சட்டம் முதல் பாதியை மட்டுமே கேட்கும்.

"என்னைத் தூக்குல வேணாலும் போடுங்க மேடம். விதை முத்தற வரைக்கும் அந்தச் செடிய மட்டும் யாரும் தொட வேணாம்!"

இன்ஸ்பெக்டரின் முகம் வெளுத்தது. எடுக்கச் சொன்னதே அவர்தான்!

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

"கான்ஸ்டபிள்! செடி எங்க?"

வேரோடு பிடுங்கி, தண்டை ஒடித்து, பையில் திணித்து, அரக்கு முத்திரையும் வைத்துவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்தார் கான்ஸ்டபிள்.

பின்னாலேயே வந்த தங்கை சுவரோரம் சரிந்தாள். இந்த முறை அலறவில்லை. அலற ஒன்றும் மிச்சமில்லை.

"ஏம்மா அழறே?" கான்ஸ்டபிள் பையைத் தட்டிக் காட்டினார். "வாடின கீரை சமையலுக்குத்தான் ஆகாது... தண்டனைக்கு ஆகும்!"