முகம் தெரியப் படுக்க வேண்டும்

“இப்பத்தானே காட்டினேன், வாத்தியாரே” என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

கைதிகள் காவலரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்று இரவு காவலன் குராஷிமா அந்தத் தாழ்வாரத்துக்குள் வருவது அதுதான் முதல் முறை. அறைக் கதவிலிருந்த பார்வைத் துளையின் இரும்பு மூடியைத் தூக்கிப் பிடித்து அவன் உள்ளே பார்த்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தின் கோடியில் ஒற்றை மண்ணெண்ணெய் அடுப்பு உறுமியது. அதன் வாடையும், ஈரக் கம்பளியின் வாடையும், மாலையில் பரிமாறிய பார்லிச் சோற்றின் ஆவியும் சிமெண்டுச் சுவரிலிருந்து கசிந்த குளிரோடு கலந்து மூக்குக்குள் ஒரு படலமாகப் படிந்திருந்தன. உள்ளே எண்பத்தேழாம் எண் கைதி தலையோடு மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

சிறையில் அது கூடாது. தூங்கும்போது முகம் போர்வைக்கு வெளியே தெரிய வேண்டும். விளக்கைக் குறைப்பார்களே தவிர அணைக்கமாட்டார்கள். முகத்தைப் பார்த்தால்தான் படுத்திருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று காவலருக்குத் தெரியும். மூடியிருந்தால் கதவை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும்.

அவன் தட்டினான். “முகம்.”

போர்வை இறங்கியது. எழுபது தாண்டிய, பல் இல்லாத, சாதாரண முகம். கண்கள் மட்டும் அவனைத் தாண்டி, அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தன.

“யாருக்குக் காட்டினீங்க?” இரவில் கைதியோடு பேசுவது விதிக்குப் புறம்பு. கேட்டுவிட்டான்.

“உங்களுக்குத்தான். அதே தட்டு. அதே குரல்.”

குராஷிமா திரும்பிப் பார்த்தான். தாழ்வாரம் காலியாக இருந்தது. சத்தம் கேட்காமலிருக்கக் காவலர்களுக்கு ரப்பர் அடிச் செருப்பு கொடுத்திருந்தார்கள். அது பனி ஈரத்தில் மட்டும் லேசாகக் கீச்சிடும். இப்போது எந்தக் கீச்சும் இல்லை. மூடியை இறக்கிவிட்டு அடுத்த அறைக்குப் போனான்.

அந்த வேலை என்ன தரும் என்று கேட்டால் குராஷிமா மனப்பாடமாகச் சொல்வான். இலையுதிர் காலத்தில் ஒரு கல்லூரியில் மேசை போட்டு உட்கார்ந்து, வேலை தேடும் பிள்ளைகளிடம் சொல்லியும் இருக்கிறான். நிலையான உத்தியோகம். மதிலை ஒட்டி வாடகையில்லாத குடியிருப்பு. ஓய்வூதியம். மருத்துவம். வாள் பயிற்சிக்கூடம். குடும்பத்துக்குக் கூரை, குழந்தைக்குப் பக்கத்திலேயே பள்ளி. ஒரு பெண் மட்டும், ராத்திரி வேலை முடிஞ்சு போனா தூக்கம் வருமா சார் என்று கேட்டாள். வரும் என்றான். அவள் எதையோ எழுதிக்கொள்ளப் போய், அவன் முகத்தைப் பார்த்து எழுதாமல் விட்டாள்.

அவனும் அப்படித்தான் சேர்ந்தான். பட்டம் இருந்தது, வேலை இல்லை, மனைவி சிஹோவின் வயிற்றில் குழந்தை. அரசாங்க வேலை என்றதும் சிஹோவின் அம்மா முதல்முறையாக அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டாள். போன குளிர்காலத்தில் ஒரு இரவு, அவன் இந்தத் தாழ்வாரத்தில் ஒவ்வொரு மூடியாகத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மதிலுக்கு அப்பால் குடியிருப்பில் சிஹோ தூக்கத்திலேயே இறந்துபோனாள். தலைக்குள் ஏதோ நரம்பு வெடித்ததாம். குளிருக்குத் தலையோடு மூடியிருந்தாள். காலையில் மகள் கோஹரு, அப்போது நாலு வயது, அம்மா எழுந்திருக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அதற்குப் பிறகு குராஷிமா விதியை யாருக்காகவும் தளர்த்தியதில்லை. யாருடைய முகமும் மூடியிருக்க விட்டதில்லை.

மாமியார் கோஹருவைச் செண்டாய்க்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பலமுறை கேட்டாள். அவன் மறுத்தான். அவனிடம் மிச்சம் இருந்தது அவள்தான்.

எண்பத்தேழாம் எண் கைதி தீங்கு இல்லாத மனிதர். பசித்தால் கடையில் சோற்று உருண்டை திருடுவார், பிடித்துக்கொண்டு வருவார்கள். பனி உருகும்போது வெளியே போவார், விழ ஆரம்பித்தால் திரும்புவார். “உங்களுக்கும் எனக்கும் ஒரே எசமான், வாத்தியாரே. சோறு, கூரை, சீருடை. உங்களுக்குப் பென்ஷன் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்” என்பார். காவலர்களே அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த வாரம் முழுவதும் அவர் மூடிக்கொண்டே படுத்தார். குராஷிமா தட்டுவான். போர்வை இறங்கும். அடுத்த சுற்றில் மறுபடி மூடியிருக்கும். காலையில், தறிக்கூடத்துக்கு வரிசையில் போகும்போது, அவர் தலையைக் குனிந்தபடியே அவனிடம் கெஞ்சினார். அவன் குரலில் வரும் அது இன்னும் தன்னைச் சரியாகப் பார்க்கவில்லை என்றார். பாதி முகத்தைத்தான் காட்டினாராம். முழுசாகப் பார்த்துவிட்டால் முடிந்தது. குராஷிமா மருத்துவருக்குச் சொல்லி அனுப்பினான். வயது, மறதி, புத்தி பிசகுகிறது என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை இரவு அவன் தட்டியபோது போர்வை இறங்கவில்லை.

“முகம்.”

“இன்னிக்கு ஒரு நாள் விட்ருங்க, வாத்தியாரே. மூச்சு விடறேன், கேக்குதில்ல? உயிரோடதான் இருக்கேன். போர்வைக்குள்ளேருந்து கையை ஆட்டறேன், பாத்துக்கங்க.”

போர்வை ஓரத்தில் ஒரு கை வெளியே வந்தது. ஆடியது. குராஷிமாவுக்கு சிஹோவின் கை நினைவுக்கு வந்தது. அன்று காலை அதுவும் இப்படித்தான் போர்வைக்கு வெளியே கிடந்தது.

“முகம்” என்றான்.

கிழவர் மெதுவாகப் போர்வையை இறக்கினார். கண்களை இறுக்கி மூடியிருந்தார். குராஷிமா பார்த்தான், மூடியை இறக்கினான், நகர்ந்தான். நாலைந்து அறை தள்ளிப் போயிருப்பான். பின்னால் இரண்டு தட்டு. அப்புறம் அவனுடைய குரல். அவன் வாய் மூடியிருந்தது.

“முகம்.”

அவன் ஓடிவந்து மூடியைத் தூக்கினான். போர்வை மார்புவரை இறங்கியிருந்தது. முகம் முழுதாகத் தெரிந்தது. கண்கள் திறந்திருந்தன. வாயும். யாரையோ அடையாளம் கண்டுகொண்ட முகம். அது அதற்குப் பிறகு அசையவில்லை.

சாவு மாரடைப்பு என்று எழுதினார்கள். காலையில், குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரரான மூத்த காவலர் இஷிகுரே அவனோடு மதிலோரம் பனியில் நடந்து வந்தார். “விடு தம்பி. நம்ம உத்தியோகத்துல ஒரே நிம்மதி, நம்ம ஆளுங்க தப்பிச்சு எங்கயும் போக மாட்டாங்க. அந்த ஆள் ஒருத்தர்தான் போனார். கேட்டைத் தாண்டாமலே போனார்” என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். இருவரும் சிரிக்கவில்லை.

குராஷிமா தான் கேட்ட குரலைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

அவன் இரவு வேலைக்குப் போகும் நாட்களில் கோஹரு இஷிகுரே வீட்டில் தூங்குவாள். அவருடைய மனைவி ஃபுமி கதவைத் திறந்தாள். கையில் சாதம் கிளறும் கரண்டி, முகத்தில் கொஞ்சம் கோபம்.

“ஏன் தம்பி, வேலை நேரத்துல இப்படி ஓடி வரலாமா? மேலதிகாரி பாத்தா என்ன ஆகும்?”

“எப்ப அண்ணி?”

“நேத்து ராத்திரிதான். பிள்ளை படுத்திருந்த அறைக் கதவை வந்து தட்டினீங்களே. குரல் கேட்டுச்சு. நான் எந்திரிச்சு வர்றதுக்குள்ள போயிட்டீங்க. வாசல் பூட்டு போட்டபடியேதான் இருந்துச்சு, எப்படி வந்தீங்கன்னு உங்ககிட்டயே கேக்கணும்னு இருந்தேன்.” அவள் கரண்டியை இறக்கினாள். “என்ன தம்பி, முகம் வெளுத்துப் போச்சு? உக்காருங்க. சூப் சூடா இருக்கு.”

அவன் உட்காரவில்லை. கோஹருவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சிஹோவின் படத்துக்கு முன்னால் வைத்த சோறு உறைந்து கெட்டியாகியிருந்தது. கதவைத் தாழிட்டான், திரைகளை இழுத்தான். மாமியாருக்குப் போன் செய்தான். பேத்தியை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னான். மறுமுனையில் அவள் அழுதாள், நன்றி என்றாள், ஏன் என்று கேட்கவில்லை. பனியால் ரயில் நின்றுவிட்டது, காலையில் ஓடும் என்றார்கள், முதல் வண்டியில் வந்துவிடுகிறேன் என்றாள்.

அன்று அவனுக்கு இரவு வேலை இல்லை. ஒரு இரவு. காலை வரை கோஹருவின் முகத்தை அது பார்க்கக்கூடாது. அவ்வளவுதான்.

பகல் முழுவதும் அவளோடு காகிதம் மடித்து விளையாடினான். வெளிச்சம் சீக்கிரமே மங்கியது. பனி ஜன்னல் பாதிவரை ஏறியிருந்தது. மதிலுக்கு அப்பால் மாலைக் கணக்கெடுப்பின் குரல்கள் ஒவ்வொன்றாகக் கேட்டு ஓய்ந்தன. சோறு ஊட்டினான். விளக்கைக் குறைத்தான், அணைக்கவில்லை. படுக்கை விரித்து, தன் போர்வையையும் அவள் போர்வையையும் ஒன்றாகப் போட்டான்.

“இன்னிக்கு நாம ரெண்டு பேரும் தலையோட மூடிக்கிட்டுத் தூங்கலாம். யார் கூப்பிட்டாலும் வெளிய பாக்கக் கூடாது” என்றான்.

கோஹரு அவனை யோசனையோடு பார்த்தாள். “ராத்திரி வந்த அப்பா கூப்பிட்டாலுமா?”

“அந்த அப்பா என்ன சொன்னாங்க?”

“முகத்தைக் காட்டச் சொன்னாங்க. கதவு கொஞ்சம் தொறந்திருந்துச்சு. பக்கத்துலயே வந்து குனிஞ்சு நின்னாங்க. நான் காட்டல.”

“ஏன் காட்டல?”

“மூச்சே விடல” என்றாள் கோஹரு. “அப்பான்னா மூச்சு விடுவாங்க. மீசை குத்தும், மூச்சு சூடா இருக்கும். அது சும்மா நின்னுச்சு.”

அவளை இறுக அணைத்து, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்தான்.

உள்ளே இருட்டு. அவளுடைய தலைமுடியில் சோப்பு வாசம். அவளுடைய மூச்சு அவன் கழுத்தில் பட்டுப் பட்டு ஈரமானது. சுவர்க் கடிகாரம், குழாயில் சொட்டும் நீர், கூரையில் பனி நழுவி விழும் மந்தமான சத்தம். ஒவ்வொன்றாகக் கேட்டான். ஒவ்வொன்றையும் இன்னது என்று அடையாளம் சொல்லி ஒதுக்கினான். கோஹரு தூங்கவில்லை. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடிகாரம் நின்றது. இல்லை, நிற்கவில்லை. வேறு ஒரு சத்தம் வந்து அதை மூடியது.

ரப்பர் அடி. ஈரத்தில் கீச்.

தாழிட்ட வீட்டுக்குள்.

கீச். சமையலறை. கீச். படத்தின் பக்கம் ஒரு நிமிடம் நின்றது. மறுபடி நடந்தது. பாய்த்தரைக்கு வந்ததும் சத்தம் மாறியது. வைக்கோல் அமுங்கும் சத்தம். தலைமாட்டில் நின்றது.

குராஷிமா மூச்சை அடக்கினான்.

இரண்டு தட்டு. தரையில், தலைக்கு வெகு அருகில்.

“கோஹரு.”

அவனுடைய குரல். ஆனால் சிறையில் பேசும் குரல் இல்லை. போன குளிர்காலத்துக்கு முந்தைய குரல். சிஹோ அடுப்படியில் நிற்கும்போது, குழந்தையைத் தோளில் தூக்கிச் சுற்றும்போது அவனுக்கு இருந்த குரல். ஒரு வருடமாக அவன் தன் வாயிலிருந்து கேட்காத குரல்.

“கோஹருக் குட்டி. அப்பா வந்துட்டேன்டா. முகத்தைக் காட்டு.”

அது மூச்சு விட்டது. பனியில் ஓடிவந்தவன் விடுவது போல, வாய்விட்டு, சூடாக. போர்வையின் மேல் பட்ட இடம் வெதுவெதுத்தது.

அவன் கையில் குழந்தையின் உடம்பு விறைத்தது.

“அப்பா?” என்றாள் கோஹரு. அவனிடம் இல்லை. வெளியே.

“நான்தான்டா.”

வேண்டாம் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. இருட்டில் ஒரு சின்னக் கை அவன் மார்பிலிருந்து மேலே ஊர்ந்து வந்தது. தாடை. உதடு. விரல்கள் அவன் மூக்கின் கீழே வந்து நின்றன. காத்திருந்தன.

அவன் மூச்சு விட முயன்றான்.

நெஞ்சு அசையவில்லை. இன்னொரு முறை முயன்றான். உள்ளே இழுக்க எதுவும் இல்லை, வெளியே விட எதுவும் இல்லை. விரல்கள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தன. பொறுமையான, குளிர்ந்த, ஐந்து வயது விரல்கள்.

பிறகு விலகின.

அவள் அவனிடமிருந்து மெதுவாக, சத்தமில்லாமல், தூங்கும் நாயிடமிருந்து விலகுவது போல விலகினாள். போர்வையின் மறு ஓரம் உயர்ந்தது. மஞ்சள் வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. அவன் கையை நீட்டினான். கை கிடந்த இடத்திலேயே கிடந்தது. வெளிச்சத்தில் முதலில் அவளுடைய நெற்றி தெரிந்தது. பிறகு கண்கள். மேலே பார்த்து, யாரையோ அடையாளம் கண்டு, அவள் சிரிக்கத் தொடங்கினாள்.